சாதுவான குதிரை வேண்டுமா? சேலம், ஏற்காடு பக்கம் முதல் குதிரை வாங்குவோருக்கு

"குதிரை விற்பனைக்கு. அமைதியான குணம். குழந்தைகள் ஏறலாம். சவாரி, சாரட்டு, ஊர்வலம் எல்லாவற்றுக்கும் பழகியது. நேரில் பார்த்து விலை பேசலாம்." குதிரை விளம்பரங்களில் முக்கால்வாசி இந்த அச்சில்தான் வருகின்றன. அதில் சொல்வது பொய்யாகவே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. பார்க்கப் போகிற அன்று அந்தக் குதிரை நிஜமாகவே அமைதியாகத்தான் நிற்கும். எதனால் அப்படி நிற்கிறது என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

நன்றாகப் பழக்கப்பட்டதால் நிற்கலாம். அரைப்பட்டினியால் நிற்கலாம். விடிகாலையிலிருந்து ஓட்டி அலுத்துப்போய் நிற்கலாம். கால் வலி, காய்ச்சல், மயக்க ஊசி, இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். முதல் காரணத்துக்கு மட்டும் பணம் கொடுங்கள். மற்ற குதிரைகள் உங்கள் லாயத்துக்கு வந்து, கொஞ்ச நாள் வயிறாரத் தின்று, ஓய்வெடுத்துத் தேறியதும் வேறு குதிரையாகிவிடும். கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாமே இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான்.

குதிரைக்கு முன்னால் ஏற்பாடு செய்ய வேண்டியவை

ஏற்காட்டில் எஸ்டேட் இருக்கிறது, சேலத்துக்கு வெளியே தோட்டம் இருக்கிறது, இடத்துக்குக் குறைவில்லை என்பார்கள். இடம் இருந்தால் மட்டும் போதாது. 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு உலர் எடைக் கணக்கில் (ஈரப்பசை போக) ஒரு நாளைக்கு 6 முதல் 7 கிலோ தீவனம் வேண்டும். மாதத்துக்கு 200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி புல்லாகவும் காய்ந்த பயிர்த் தட்டாகவும் இருக்க வேண்டும். கொள்ளும் தவிடும் அதற்கு மேல்தான். தண்ணீர் 25 முதல் 45 லிட்டர், சேலத்துச் சித்திரை வெயிலில் இன்னும் கூடும்.

மாட்டுக்குப் போடும் கம்பு நேப்பியர் புல்லையே குதிரைக்கும் போட்டுச் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் புல்லில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. மாட்டின் வயிறு அதைச் சமாளித்துக்கொள்ளும், குதிரையின் வயிற்றால் முடியாது. மாதக்கணக்கில் அதையே தின்றால் எலும்பு பலம் போய், முகம் வீங்கி, காரணம் தெரியாத நொண்டல் வரும். கோதுமைத் தவிட்டை அள்ளிப் போட்டாலும் கால்சியக் கணக்கு இதே மாதிரி கெடும். நேப்பியர்தான் கிடைக்கிறது என்றால் கூடவே குதிரைமசால் கொடுங்கள். பேரிலேயே குதிரை இருக்கிற அந்தத் தீவனத்தை இங்கே பெரும்பாலும் ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான் வளர்க்கிறார்கள்.

அப்புறம், ஆட்கள். குளம்பு சீவி லாடம் அடிக்கிறவர் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தாக வேண்டும். காளைக்கு லாடம் அடிக்கிற எல்லோருக்கும் குதிரைக் குளம்பு கைவராது, விசாரித்து வையுங்கள். டாக்டர் விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, இன்னொரு பக்கம் தலைவாசல் கல்லூரி. ஆனாலும் நடுராத்திரியில் குதிரைக்கு வயிற்று வலி வந்தால் பக்கத்தில் இருக்கிறவர்தான் உதவுவார். குதிரை பார்த்துப் பழகிய உள்ளூர் டாக்டரின் எண் முதலில் கையில் இருக்கட்டும், குதிரை பிறகு வரட்டும்.

தினமும் காலையும் மாலையும் கூடவே இருக்க ஆளில்லை, வார இறுதியில் மட்டும்தான் மலைக்கு வருவோம் என்றால் வாங்காதீர்கள். சவாரி ஆசைக்கு வேறு வழிகள் இருக்கின்றன.

என்ன மாதிரிக் குதிரை

முதல் குதிரைக்கு எட்டிலிருந்து பதினைந்து வயது சரியான வயது. "நாலு வயசுக் குட்டி, நீங்க பழக்குற மாதிரி பழகிக்கும்" என்பார்கள். புதிதாக ஏறுகிறவரும் புதிதாகப் பழகுகிற குதிரையும் சேர்ந்தால் இரண்டு பேரில் யாருக்குமே வேலை தெரியாது. பெண் குதிரை வாங்கலாம், காயடித்த ஆண் குதிரை அதைவிட நல்லது. காயடிக்காத ஆண் வேண்டாம். எவ்வளவு நல்ல குணமென்றாலும் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண் குதிரை இருந்தால் அன்றைக்கு உங்கள் பேச்சு எடுபடாது.

இனத்தைப் பற்றி எனக்குப் பெரிய பிடிவாதம் கிடையாது. காது நுனி உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மார்வாரியும் கத்தியவாரியும் பார்க்க அழகு, வெயிலும் தாங்கும், ஆனால் கொஞ்சம் சூட்டிகையானவை. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை மலிவாகக் கிடைத்தாலும் புதியவர்களுக்கு ஆகாது. எஸ்டேட் ஒற்றையடிப் பாதைக்கும் குழந்தைகளுக்கும் 52 முதல் 58 அங்குல உயரத்தில் நல்ல எலும்புள்ள நாட்டுக் குதிரையோ கலப்போ போதும். உயரத்தைத் தலையில் அளக்கக் கூடாது. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் இருக்கும் மேட்டிலிருந்து தரைவரை அளப்பதுதான் கணக்கு.

உயரத்தைவிட எடை முக்கியம். ஒரு டேப் எடுத்துப் போங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனைவரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வந்துவிடும். நெஞ்சுச் சுற்றளவு 155, நீளம் 140 என்றால் 283 கிலோ. சுமை அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதாவது 56 கிலோ. சேணமே ஏழெட்டு கிலோ இருக்கும். அதைக் கழித்துப் பாருங்கள், 75 கிலோ அப்பாவுக்கு அந்த மட்டக்குதிரையில் இடமில்லை. சுற்றளவு 172, நீளம் 155 இருக்கிற குதிரை 386 கிலோ வரும், 77 கிலோவரை தாங்கும். பொதி சுமக்கும் மட்டக்குதிரைக்கு 70 கிலோதான் உச்சம் என்று 1965ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளிலேயே இருக்கிறது.

எங்கே தேடுவது

குதிரை என்றதும் நம் பக்கத்தில் எல்லோரும் அந்தியூரைச் சொல்வார்கள். ஆடியில் குருநாதசாமி கோயில் திருவிழாவோடு கூடும் அந்தச் சந்தையைக் கட்டாயம் போய்ப் பாருங்கள். சேலத்திலிருந்து பவானி வழியாகப் போய்விடலாம். பல மாநிலக் குதிரைகளை ஒரே இடத்தில் பார்த்தால் கண் தேறும். ஆனால் முதல் குதிரையை அங்கே வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. கூட்டம், மேளம், பக்கத்தில் முன்பின் தெரியாத குதிரைகள். அந்த இடத்தில் எந்தக் குதிரையின் உண்மைக் குணமும் தெரியாது. மேளத்துக்குக் காலைத் தூக்கி ஆடுகிற குதிரைக்குத்தான் அங்கே மவுசு. உங்களுக்கு வேண்டியது காப்பிச் செடிகளுக்கு நடுவே பேசாமல் நடக்கிற குதிரை.

மற்றபடி, இந்தப் பக்கம் விற்பனைக்கு வரும் குதிரைகள் நாலைந்து வேலைகளிலிருந்து வருகின்றன. பழைய வேலை எது என்று தெரிந்தால் பாதிக் குணம் தெரிந்துவிடும். கல்யாணச் சாரட்டுக் குதிரை வெடிச் சத்தத்துக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் அசையாது, அது பெரிய வரம். ஆனால் எப்போதும் ஓர் ஆள் முன்னால் பிடித்து நடந்தே பழகியிருக்கும். தனியாக விட்டால் எங்கே போவதென்று தெரியாமல் நின்றுவிடும். சுற்றுலா இடத்தில் சவாரி போன குதிரை யாரை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளும், ஆனால் அதன் தடத்தை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினால் கேட்காது. வண்டிப் பந்தயத்தில் ஓடிய குதிரைக்கு வாய் மரத்துப் போயிருக்கும். லகானை இழுக்க இழுக்க வேகம்தான் கூடும், அது அதன் தப்பு இல்லை, அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். சவாரிப் பள்ளியில் பல பிள்ளைகளைச் சுமந்து, வயதாகிவிட்டதென்று விற்கப்படும் குதிரை கிடைத்தால் அதுதான் யோகம். கால் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

போனில் கேட்க வேண்டியது

கடைசியாக ஏறியது யார், எப்போது? கடைசியாகக் குளம்பு சீவியது எப்போது? யாரையாவது தள்ளியிருக்கிறதா, கடித்திருக்கிறதா? வண்டியில் ஏறுமா? எதற்காக விற்கிறீர்கள்? கேட்டு முடித்ததும் ஒரு கோரிக்கை: "நாங்கள் வருகிறவரை சேணம் போட வேண்டாம், ஓட்டவும் வேண்டாம்." இதற்கு உடனே சரி என்கிறவரைப் பார்க்கப் போகலாம். சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் பெட்ரோலை மிச்சம் பிடியுங்கள்.

முதல் நாள்: தரையில் நின்று பார்ப்பது

சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னாலேயே போய்விடுங்கள். குதிரை நனைந்திருந்தால், சேணம் வைத்த இடத்தில் வேர்வை காய்ந்து உப்புப் படிந்திருந்தால், உங்களுக்காகத்தான் காலையிலேயே ஓட்டி அலுக்க வைத்திருக்கிறார்கள். அப்படியே திரும்பிவிடலாம்.

கிட்டே போவதற்கு முன் நின்று பாருங்கள். பின்னங்கால்களில் கயிறு போட்டு முளையில் இழுத்துக் கட்டுவது நம் ஊர் வழக்கம். அதை அவிழ்க்கச் சொல்லுங்கள். அவிழ்க்கத் தயங்கினாலே உங்களுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. அவிழ்த்த பின் குதிரை எப்படி நிற்கிறது? தூங்குகிற குதிரை ஒரு பின்னங்காலைத் தளர்த்தி வைக்கும், அது சகஜம். முன்னங்காலை நீட்டி வைத்து நின்றால் அந்தக் காலில் வலி. தலை முழங்கால் மட்டத்துக்குத் தொங்கி, கீழுதடு தளர்ந்து, உடம்பு லேசாகத் தள்ளாடினால், ஆண் குதிரையாயிருந்து குறி வெளியே தொங்கிக்கொண்டே இருந்தால், மயக்க ஊசி போட்டிருக்கலாம். காது அசைகிறதா என்று பாருங்கள். சாதுவான குதிரையின் காது சும்மா இருக்காது. ஒன்று உங்கள் பக்கம் திரும்பும், இன்னொன்று தட்டு வைக்கிற ஆள் பக்கம் போகும். எதிலும் அக்கறையில்லாமல் நிற்கிற குதிரைக்குப் பேர் சாது இல்லை, சீக்கு.

லாயத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். கட்டை விளிம்புகள் கடித்துத் தின்னப்பட்டிருந்தால் குதிரைக்குக் கட்டையைப் பல்லால் பிடித்துக் காற்று விழுங்கும் பழக்கம் இருக்கலாம். வந்தால் போகாத பழக்கம் அது.

இப்போது கிட்டே போகலாம். பின்னாலிருந்தோ நேர் முன்னாலிருந்தோ போகாமல் தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே போங்கள். கழுத்தில் கை வைத்து, அங்கிருந்து கையை எடுக்காமல் முதுகு, வயிறு, தொடை என்று தடவிக்கொண்டே போக வேண்டும். பிடரி மேட்டிலோ முதுகிலோ வட்டமாக வெள்ளை முடி இருந்தால் நின்று கவனியுங்கள். "அது பிறவி மச்சம்ங்க" என்பார்கள். சேணம் உரசிப் புண்ணாகி ஆறிய இடத்தில்தான் பெரும்பாலும் அப்படி வெள்ளை முடி முளைக்கும். ஆறிவிட்டது என்றால் பரவாயில்லை, ஆனால் அந்த இடத்தை இரண்டு விரலால் அழுத்தும்போது முதுகு கீழே தாழ்ந்தால் இன்னும் வலி இருக்கிறது. கடைவாயைத் திறந்து பாருங்கள். வாயோரத்தில் தழும்பு, நாக்கில் வெட்டு இருந்தால் முள் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். அது சட்டப்படியே தடை செய்யப்பட்டது. முள் கடிவாளத்தில் நிற்கிற குதிரை சாதாரணக் கடிவாளத்தில் நிற்குமா என்று கேள்வி வரும்.

வாயைத் திறந்ததோடு பல்லையும் பார்த்துவிடலாம். ஐந்து வயதில் முன்பற்கள் எல்லாம் நிலைப்பற்களாக முளைத்து முடிந்திருக்கும். மேல் வரிசையில் கடைசி முன்பல்லில் ஒரு பழுப்புக் கோடு பத்து வயது வாக்கில் ஈறோரத்தில் தொடங்கி, பதினைந்தில் பாதிப் பல்வரை இறங்கி, இருபதில் முழுப் பல்லையும் தொட்டுவிடும். இது உத்தேசக் கணக்குதான். ஆனால் "ஏழு வயசு" என்று சொல்லப்பட்ட குதிரையின் பல்லில் கோடு பாதி தூரம் இறங்கியிருந்தால் பேரம் பேசும்போது பயன்படும்.

ஈற்றைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் பழையபடி சிவக்க வேண்டும். ஈறு வெளுத்திருந்தால் ரத்தசோகை. தாடை எலும்பின் உள்பக்கம் விரல் வைத்தால் நாடி தெரியும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44வரை துடிக்கும். மூச்சு 8 முதல் 16. அமைதியாக நிற்கிற குதிரைக்கு நாடி 60 அடித்தால் அதற்கு வலியோ காய்ச்சலோ இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது கால். என்னைக் கேட்டால் ஒரே ஒரு சோதனைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் செய்வேன். நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். தரகர் சொல்வார்: "சின்னப் புள்ள வாலைப் புடிச்சு இழுத்தாக்கூட அசையாதுங்க." நீங்கள் சொல்லுங்கள்: "புள்ளைய விட வேண்டாங்கண்ணா. நீங்களே அந்தப் பின்னங்காலைத் தூக்கி ரெண்டு நிமிஷம் பிடிச்சுக் காட்டுங்க." அவர் தூக்கிய பிறகு நீங்கள் தூக்கிப் பாருங்கள். நல்ல குதிரை, கை கணுக்காலுக்கு இறங்கும்போதே எடையை மறுகாலுக்கு மாற்றிவிட்டு, குளம்பைக் கையில் கொடுத்துவிடும். தூக்கிய குளம்பின் அடியில் நடுவே முக்கோணமாக ரப்பர் போல ஒரு பகுதி இருக்கும். அது உலர்ந்து உறுதியாக இருக்க வேண்டும். கறுத்துக் குழைந்து நாற்றமடித்தால் குளம்பழுகல், ஈரத் தரையில் கட்டியதால் வருவது. குணப்படுத்தலாம், ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏற்காட்டுத் தரையில் அது மறுபடி வரும். ஒரு குளம்பு மட்டும் மற்றவற்றைவிடச் சுடுகிறதா என்றும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

பிறகு கெட்டியான சமதரையில் ஒருவர் கயிறு பிடித்து ஓட, குதிரை துள்ளோட்டத்தில் நேராகப் போய் வரட்டும். நீங்கள் தலையை மட்டும் பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். மண் தரையிலோ புல்லிலோ ஓட்டிக் காட்டினால் இது தெரியாது.

இரண்டாம் நாள்: சொல்லாமல் போவது

வலி மாத்திரை போட்டால் நொண்டல் ஓரிரு நாள் தெரியாது. அதனால் ஏழெட்டு நாள் கழித்து இன்னொரு முறை போக வேண்டும், "இந்தப் பக்கம் வந்தோம்" என்று காலையிலோ சாயங்காலமோ திடீரென்று போனால் நல்லது. தீனி வைக்கிற நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. தீனித் தொட்டிக்கருகில் ஆள் போனால் காதைப் பின்னுக்குச் சாய்த்துப் பல்லைக் காட்டுகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

இந்த முறை ஏறிப் பார்க்கலாம். முதலில் விற்கிறவர் ஏறட்டும். அவரே ஏறத் தயங்கினால் நீங்கள் ஏறக் கூடாது. சேணம் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வயிற்று வாரை இறுக்கும்போது கடிக்கத் திரும்பினால் ஏதோ வலி. அங்கவடியில் கால் வைக்கும்போதே நடக்கத் தொடங்குகிற குதிரை குழந்தைகளுக்கு ஆகாது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, குதிகால் உள்ள ஷூவோடு நீங்கள் ஏறியதும், நடக்கவிடுங்கள், நிறுத்துங்கள், இடதும் வலதும் திருப்புங்கள், நாலடி பின்னால் போகச் சொல்லுங்கள். லேசான இழுப்புக்கு நிற்க வேண்டும். வேகம் பார்க்க ஆசைப்பட வேண்டாம். எல்லாக் குதிரையும் ஓடும், சொன்ன இடத்தில் சொன்ன நேரம் நிற்பதுதான் அபூர்வம்.

அதைவிடப் பெரிய சோதனை லாயத்தை விட்டு, மற்ற குதிரைகளை விட்டு, தனியாகக் கொஞ்ச தூரம் போய் வருவது. கூட்டத்திலேயே வாழும் பிராணி அது, தனியாகப் போக முரண்டு பிடிப்பது இயற்கை. ஒருமுறை கனைத்துவிட்டு நடக்கிற குதிரை நல்ல குதிரை. சுற்றிச் சுழன்று வீட்டைப் பார்த்தே நிற்கிற குதிரையை மலைப்பாதையில் வைத்துச் சமாளிக்க உங்களால் முடியாது. திரும்பும்போது வீட்டுப் பக்கம் வேகம் கூட்டாமல் நடக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

எல்லா வேலைக்கும் ஆகும் என்று சொன்ன குதிரை உங்கள் வேலைக்கு ஆகுமா என்று பார்க்க, உங்கள் இடத்தில் என்னவெல்லாம் இருக்கும் என்று யோசியுங்கள். மலையில் என்றால் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பும் பஸ், ஒற்றையடிப் பாதை, சரிவு, ஓடை, மரத்திலிருந்து குதிக்கும் குரங்கு. சேலத்தில் என்றால் தறிச் சத்தம், லாரி, தெருநாய், பட்டாசு. விற்கிறவரின் ஊரிலேயே இதில் பாதியைத் தேடிப் பிடித்துவிடலாம். ஒரு பிளாஸ்டிக் தார்ப்பாயைத் தரையில் விரித்து அதன் பக்கமாக நடத்திப் பாருங்கள். பயப்படாத குதிரை கிடையாது. பயந்ததும் என்ன செய்கிறது என்பதைப் பாருங்கள். நின்று மூச்சை ஊதி, பார்த்துவிட்டு, நீங்கள் சொன்னதும் நடந்தால் அதை வாங்கலாம். திரும்பி ஓட்டம் பிடித்தால் வேண்டாம். ஏற்காட்டு எஸ்டேட்களில் காட்டெருமை நடமாட்டம் உண்டு, அந்த நேரத்தில் உங்களைக் கீழே போட்டுவிட்டு ஓடாத குதிரைதான் வேண்டும்.

டாக்டர்

குதிரை பிடித்துவிட்டது என்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கால்நடை மருத்துவரைக் கூட்டிப் போங்கள். விற்கிறவரின் டாக்டர் வேண்டாம். கண், நெஞ்சு, கால் மூட்டு எல்லாவற்றையும் அவர் பார்ப்பார். நீங்கள் வற்புறுத்திக் கேட்க வேண்டியவை இரண்டு ரத்தப் பரிசோதனை. ஒன்று கிளாண்டர்ஸ். குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும் ஆபத்தான நோய் அது, சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம்தான் நாட்டில் இந்தப் பரிசோதனைக்குத் தலைமை இடம். இன்னொன்று சர்ரா, மாட்டு ஈக்கள் கடித்துப் பரவுவது. விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்து, ரத்தம் வற்றி, கால் வீங்கும். "சாதுவாக" நிற்கிற பல மெலிந்த குதிரைகளின் ரகசியம் இதுதான். ரணஜன்னி, வெறிநாய்க்கடி தடுப்பூசிகள் போட்டதற்குச் சீட்டு இருந்தால் வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் போட்டுக்கொள்ளலாம்.

பேரமும் எழுத்தும்

துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்களுக்கு அந்தக் கணக்கு தெரியாதென்றால் வெளிப்படையாகவே பேசுங்கள்.

விலையில் பெரிய பங்கு சுழிக்கும் நிறத்துக்கும் போகிறது. நெற்றியில் எந்தச் சுழி, கழுத்தில் எந்தச் சுழி என்று பார்த்து ஒரு குதிரையை ராசி என்றும் இன்னொன்றை வீட்டுக்கு ஆகாதென்றும் சொல்வார்கள். முழு வெள்ளைக் குதிரைக்குக் கல்யாண மண்டபங்களில் கிராக்கி, அதனால் விலையும் ஏறும். நம்பிக்கை உள்ளவர்களோடு வாதாட வேண்டியதில்லை. உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லையென்றால், சுழி சரியில்லை என்று பலர் ஒதுக்கிய, எல்லாச் சோதனையிலும் தேறிய ஒரு செம்பழுப்புக் குதிரையைக் குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம். சாதுவான குதிரை தேடுகிறவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

பத்திரத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குதிரையின் நிறம், உயரம், அடையாளக் குறிகள், சுழிகள் (இங்கே சுழி நிஜமாகவே உதவும், கைரேகை மாதிரி அது மாறாது), இரண்டு பக்கப் புகைப்படம், விலை, விற்கிறவர் சொன்ன வயது, குணம், நோய் எதுவும் இல்லை என்ற உறுதி, எல்லாம் வர வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் சரிப்படாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார் என்ற ஒரு வரியைச் சேர்க்கக் கேட்டுப் பாருங்கள். குதிரையின் மேல் நம்பிக்கை உள்ளவர் அதற்கு ஒத்துக்கொள்ள நிறையவே வாய்ப்பு உண்டு.

கொண்டு வருவது

பணம் முழுதும் கைமாறுவதற்கு முன், வண்டியில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஏறவே அரைநாள் அடம் பிடிக்கிற குதிரை பிறகு டாக்டரிடம் கொண்டுபோகவும் ஏறாது.

குட்டி யானையில் குதிரையை ஏற்றிக் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். பேர் பொருத்தம்தான் இருக்கிறது, இடம் இல்லை. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் குதிரை காலை அகட்டி ஊன்றிக்கொள்ள வேண்டும். டாடா 407 லாரி மாதிரி உயரமான பக்கப் பலகை உள்ள வண்டி எடுங்கள். தரையில் மணலும் வைக்கோலும் பரப்பி வழுக்காமல் பாருங்கள். கயிறு ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்கட்டும். டாக்டரின் தகுதிச் சான்று வண்டியில் இருக்க வேண்டும், 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் அதைக் கேட்கின்றன. வார நாளில் விடியற்காலையில் அடிவாரத்தைத் தாண்டிவிடுங்கள். மே மாதக் கோடை விழா நேரத்தில் அந்த ரோட்டில் குதிரையோடு மாட்டிக்கொள்ள வேண்டாம்.

வந்து இறங்கியதும் முதல் இரண்டு வாரம் சவாரி கிடையாது. பழைய இடத்தில் தின்ற தீவனத்தையே ஒரு மூட்டை கேட்டு வாங்கி வந்து, புதிய தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாத தீனி உள்ளே போனால் வயிற்று வலிதான். படுத்துப் புரண்டு, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, சாணி போடாமல் இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், காலைவரை பொறுக்க வேண்டாம்.

கட்டுகிற இடத்தைச் சுற்றி என்ன செடி இருக்கிறது என்று பாருங்கள். பனமரத்துப்பட்டிப் பக்கம் பூவுக்காகப் பயிரிடும் அரளி, குதிரைக்குக் கொடிய விஷம். ஒரு கைப்பிடி இலையே போதும், காய்ந்தாலும் விஷம் போகாது. வேலியில் இருந்தால் வெட்டிவிடுங்கள், வெட்டிய கிளையையும் அங்கே போடாதீர்கள். மரவள்ளி இலையும் தோலும் வேண்டாம், அதில் சயனைடு உண்டு. இளம் சோளப்பயிரிலும் அப்படித்தான். நாமக்கல் பக்கத்திலிருந்து மலிவாக வரும் கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சல் நோய்க்காகக் கலக்கும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் இருக்கலாம். கோழிக்கு நல்லது, குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். யூரியா கலந்த மாட்டுத் தீவனத்தையும் தள்ளி வையுங்கள். வேலையாட்களுக்கு இதையெல்லாம் சொல்லி, தீவன அறைக் கதவில் எழுதியும் ஒட்டுங்கள். கருணையோடு ஒரு கூடை மரவள்ளித் தோலைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்களால்தான் ஆபத்து அதிகம்.

இந்த இரண்டு வாரமும் நீங்களே தினமும் தேய்த்துவிட்டு, குளம்பு சுத்தம் செய்து, கயிறு பிடித்துத் தோட்டத்தைச் சுற்றி நடத்துங்கள். குதிரை தேறத் தேறக் கவனியுங்கள். கொஞ்சம் சுறுசுறுப்பு கூடுவது நியாயம்தான். காலைத் தூக்கவிடாமல் உதைக்கத் தொடங்கினால், தீனி நேரத்தில் கடிக்க வந்தால், எழுதி வாங்கிய அந்த வரியை நாள் தாண்டுவதற்குள் பயன்படுத்துங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் மூன்றாம் வாரம் சேணம் போடலாம். வெயில் காலமாக இருந்து நீங்கள் சேலத்தில் இருந்தால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணிவரை வண்டி, பொதி விலங்குகளை வேலை வாங்கக் கூடாது என்று அதே 1965 விதிகள் சொல்கின்றன, சவாரிக்கும் அதையே கடைப்பிடியுங்கள். முதல் சவாரி கால்மணி நேரம், நடை மட்டும், வேலிக்குள்ளேயே.